பதினான்காம் மாடியில் ஒரு கிணறு

பதினான்காம் மாடியில் குடியிருந்த கிளடிஸ் எவன்ஸ் தன்னுடைய பல்கனியில் ஓர் ஊரை வைத்திருந்தார். ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தில் பல்கனியில் எதையெல்லாம் வைக்கக்கூடாது என்று நிர்வாகம் ஆண்டுதோறும் எலிவேற்றருக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டும். சைக்கிள் கூடாது, இறைச்சி வாட்டும் அடுப்புக் கூடாது, உடுப்புக் காயப்போடக் கூடாது. ஊரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாதபடியால் கிளடிஸ் எந்த விதியையும் மீறவில்லை. வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதுவும் மற்றப் பல்கனிகளைப் போலத்தான் தெரியும்: ஒரு சீமெந்துத் தட்டு, இரும்புக் கம்பி, ஒரு பூச்சாடி. உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினால்தான் மூன்று மரப்படிகளும், அதற்குக் கீழே பனி மூடிய வீதியும், இரு பக்கமும் பலகை வீடுகளும், தபால் கந்தோரும், புகையிரத நிலையமும், ஒரு வெள்ளைத் தேவாலயமும், எல்லாவற்றுக்கும் பின்னால் சுரங்கத்தின் மரக் கோபுரமும் தெரியும். ஊரின் பெயர் ஹார்லோ கிறீக்.

கிளடிஸ் வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரிக் கிராமத்தில் பிறந்தவர். அந்தச் சனத்துக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பேசுவதும், சண்டை பிடிப்பதும், தேவாலயத்தில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதும் தங்களுடைய மொழியில்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில், கரி தோண்டிக்கொண்டிருந்த கணவன் இட்ரிஸ் இனிமேல் தங்கம் தோண்டப் போவதாகச் சொன்னான். கரியை விடத் தங்கம் உடுப்புத் தோய்க்க வசதியாக இருக்கும் என்று நினைத்து அவரும் கப்பல் ஏறினார். ஒன்ராறியோவின் வடக்கே தண்டவாளம் முடிகிற இடம்தான் ஹார்லோ கிறீக். அதற்கு அப்பால் மரங்கள் மட்டும். கரடி வரும் நாட்களில் பள்ளிக்கூடம் விடுமுறை. குளிர்காலத்தில் செத்தவர்களை நிலம் இளகும்வரை தபால் கந்தோரின் பின்னறையில் பொதிகளோடு வைத்திருப்பார்கள். தபால்காரர் ஒருபோதும் மாற்றிக் கொடுத்ததில்லை. கிளடிஸ் அங்கே வேலையாட்களுக்குச் சமைத்தார், பாடினார், சண்டை பிடித்தார், சந்தோசமாக இருந்தார். 1956இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரவுக்கு என்ன சாப்பாடு என்று இட்ரிஸ் கேட்டான். ஆட்டிறைச்சியும் லீக்ஸும் போட்ட சூப் என்று அவர் சொன்னார். அவன் சுரங்கத்துக்குள் இறங்கினான். மத்தியானம் பாறை சரிந்தது. கம்பனி சில நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, செலவுக்குக் கட்டாது என்று குழியை மூடி மேலே ஒரு சிலுவை நட்டது.

பிறகு தங்கமும் முடிந்தது. ரயில் நின்றது. சனம் யன்னல்களைக் கூடக் கழற்றிக்கொண்டு போனது. கிளடிஸ் மட்டும் போகவில்லை. இட்ரிஸ் மேலே வந்தால் ஊரில் ஒருவரும் இல்லாமல் திகைத்துப் போவானே என்பதுதான் அவருடைய கவலை. மின்சாரத்தையும் வெட்டிய பிறகு, வேறு வழியில்லாமல், வீடு வீடாகக் கூட்டித் துடைத்துவிட்டு, புகையிரத நிலையத்தைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு ரொறொன்ரோவுக்கு வந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. 1971இல் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீடு எடுத்து, திறப்பைப் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கொளுவினார். விடிந்து பார்த்தபோது கதவுக்கு வெளியே ஊர் நின்றது, யன்னல்களும் திரும்பப் பொருத்தப்பட்டிருந்தன. கிளடிஸ் பல்லு விளக்கிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இருபது வருடம் இந்த விசயம் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை, அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை.

1991இல் எதிர் வீட்டுக்கு யோகராணி வந்தாள். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்க்காரி. கணவன் ஸ்ரீதரனை அதற்கு முந்தின வருடம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது, ஸ்ரீதரன் ஏறவில்லை. அதற்குப் பிறகு தகவல் இல்லாதபடியால் அவளுடைய பொட்டை வைக்கச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் வைத்துக்கொண்டாள். வந்த மாதமே, மீன் பொரித்த மணத்துக்கு முறைப்பாடு செய்யாத ஒரே ஆள் என்ற நன்றிக்காகக் கிளடிஸுக்கு ஒரு சில்வர்ச் சட்டியில் புட்டும் கறியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் சட்டி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. எங்கள் ஆட்கள் சட்டியைச் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பழமாவது, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். யோகராணி ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தெரிந்தபோது கிளடிஸ் கூனிக்குறுகிப்போனார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போன சட்டி எதுவும் வெறுமையாகத் திரும்பியதில்லை. முந்திரிகை வற்றல் போட்டு, தோசைக்கல் மாதிரி ஓர் இரும்புக் கல்லில் அவர் சுடும் சின்ன வட்டக் கேக்குகள் அதற்குள் இருக்கும். யோகராணி அதற்கு வேல்ஸ் ரொட்டி என்று பெயர் வைத்தாள். எப்போதும் இரண்டு. ஒன்று யோகராணிக்கு, மற்றது ஸ்ரீதரனுக்கு. யோகராணி தன்னுடையதை உடனே தின்பாள். மற்றதைப் பின்னேரம்வரை வைத்திருந்து, அவன் வராதபடியால், அதையும் தின்பாள்.

அடுத்த வருடம் யோகராணியின் தம்பி அன்புராசா எல்லை கடந்து வந்து சேர்ந்தான். அவன் பின்னால் அவனோடு படித்தவர்கள், அவர்களின் மச்சான்மார், மச்சான்மாரின் குடும்பங்கள். ஒற்றை அறை வீட்டில் கால் நீட்ட இடமில்லை. கிளடிஸ் வந்து, என் பல்கனியில் இடம் இருக்கிறது என்றார். "இந்தக் குளிருக்குள்ளை பல்கனியிலை படுக்கச் சொல்லுறா. எங்களைக் கொல்லத்தான் பாக்கிறா," என்று அன்புராசா அக்காவிடம் முணுமுணுத்தான். மரியாதைக்காகப் பின்னால் போனான். கண்ணாடிக் கதவு திறந்தது. அவன் ஊரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, எங்கள் ஆட்கள் புதுக் காணி பார்க்கப் போனால் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டான்.

"கிணறு எங்கை?"

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். தைமாதத்துக்குள் ஹார்லோ கிறீக்கில் பாதி வீடுகளில் புகை எழுந்தது. அதைப் பார்த்துக் கிளடிஸ் மரப்படியில் நின்று அழுதார். அது சந்தோச அழுகை. காலையில் வேலைக்குப் போகும் சனம் வரிசையாகப் படியேறி, கிளடிஸின் முன்னறைக்கு ஊடாக நடந்து, எலிவேற்றருக்குக் காத்து நிற்கும். வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றும் பழக்கத்தால் நடைபாதையில் பனிச் சப்பாத்துகள் மலையாகக் குவிந்தன. நிர்வாகம் சப்பாத்துக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. முதல் வருடத்திலேயே ஹார்லோ கிறீக் முன்னேற்றச் சங்கம் தொடங்கி, இரண்டாவது வருடத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. பிரியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மன்னாரிலிருந்து வந்த பஸ்ரியன் தேவாலயத்தில் அந்தோனியார் சுருவம், அதாவது சிலை, வைக்க அனுமதி கேட்டான். சுருவம் இல்லாத தேவாலயத்தில் வளர்ந்த கிளடிஸுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆனால் பனியில் நிற்பவரை, அவர் புனிதராக இருந்தாலும், உள்ளே எடுக்கத்தான் வேண்டும் என்று வாசல் விறாந்தையில் இடம் கொடுத்தார். பிள்ளையார் புகையிரத நிலையத்தில் இருந்தார். ரயில் வராதபடியால் அவருக்கு அங்கே தொந்தரவு இல்லை. யோகராணியின் ஆங்கிலமும் கிளடிஸின் தமிழும் ஒரே வேகத்தில் வளர்ந்தன.

தண்ணீர்தான் கரைச்சல். ஊரின் குழாய்கள் எப்போதோ உறைந்து வெடித்தவை. முழு ஊருக்கும் கிளடிஸின் குசினியிலிருந்து வாளியில் சுமந்தார்கள். அன்புராசாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கிணறு இல்லாத வளவை அவன் வளவென்றே சேர்க்க மாட்டான். அலவாங்கால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு திரிந்தான். இங்கே தோண்டாதே, கீழே எல்லாம் சுரங்கம், நிலம் பொள்ளல் என்று கிளடிஸ் தலையில் அடித்துச் சொன்னார். அதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே குகை குகையாகப் போகிறது, நல்ல தண்ணீர் அந்தக் குகைகளில்தான் கிடக்கிறது. பொள்ளல் என்ற சொல் அன்புராசாவுக்குத் தண்ணீர்ச் சத்தமாகத்தான் கேட்டது. "அன்ரி, எங்கடை ஊரும் உப்பிடித்தான். பொள்ளலுக்கு மேலைதான் நாங்கள் வெட்டுறனாங்கள்," என்றான். எங்கே அதிகமாகப் பொள்ளல் சத்தம் கேட்டதோ, சிலுவைக்குச் சற்றுத் தள்ளி, அங்கே வெட்டத் தொடங்கினான். சனி ஞாயிறுகளில் பஸ்ரியனும் சேர்ந்துகொண்டான். 1994 வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அலவாங்கு அடிக்கல்லைப் பிளந்துகொண்டு கீழே விழுந்தது. விழுந்த சத்தம் வர நேரம் எடுத்தது. தண்ணீர் வரவில்லை. சூடான காற்று வந்தது. அதன் பின்னால், நான்கு குரலாகப் பிரிந்து, பாட்டு வந்தது.

அன்புராசா வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. அவனைப் பொறுத்தவரை அது தண்ணீர் இல்லாத கிணறு, அவ்வளவுதான். பஸ்ரியன்தான் கடலுக்குப் போன ஆள் என்பதால் கப்பி பூட்டிக் கயிறு போட்டான். பாரம் தாங்குமோ என்று தெண்டிப்பதற்காக இறக்கிய வாளியில், மத்தியானத்துக்கு யோகராணி கட்டிக் கொடுத்த புட்டுச் சட்டி மறதியாக இருந்துவிட்டது. வாளி மேலே வந்தபோது சட்டி வழித்துத் துடைத்திருந்தது. உள்ளே கல்லுத் தூசி மட்டும். கிளடிஸைக் கூட்டி வந்தார்கள். அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்து, நெடுங்காலம் யாரிடமும் பேசக் கிடைக்காத தன் மொழியில் ஏதோ கேட்டார். கீழேயிருந்து ஓர் ஆணின் குரல் பதில் சொன்னது. கிளடிஸ் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். என்ன சொல்கிறார் என்று யோகராணி பதறிக்கொண்டு கேட்டாள்.

"லீக்ஸ் சூப் எண்டு சொன்னனீ, இதென்ன உறைப்பு எண்டு கேக்கிறார்," என்றார் கிளடிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அது இட்ரிஸ்தான். அவனோடு அகப்பட்ட மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். தூக்கி எடுத்துவிடலாம் என்று ஊரே கூடிக் கயிற்றைப் பிடித்தது. வாளி பாதி வழிவரை மனிதப் பாரத்தோடு வந்தது, பிறகு இலேசாகியது, கட்டுக்கு வந்தபோது உள்ளே தூசி இருந்தது. திரும்ப இறக்கினால், கீழே இட்ரிஸ் இருமிக்கொண்டு வாளியிலிருந்து இறங்குவது கேட்டது. பல தரம் செய்து பார்த்துவிட்டு, அவனுக்கு இருமல் கூடுகிறது என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் யோகராணி சமைப்பாள், வாளி இறங்கும், வெறும் சட்டி தூசியோடு ஏறி வரும். கீழே இருந்தவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, ஆம்பிளைகள் வேறு, யோகராணி மன்னித்தாள். ஒரு நாள் அவள் கேட்டுக்கொண்டபடி, கீழே ஸ்ரீதரன் என்று யாராவது இருக்கிறாரா என்று கிளடிஸ் விசாரித்தார். பாட்டு நின்றது. தங்களுக்குள் பேசினார்கள். பெயரைத் திரும்பவும் சொல்லக் கேட்டார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை, அம்மா, என்று தன்மையாகப் பதில் வந்தது. யோகராணி அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

1995 தொடக்கம் சனம் நகரத்தின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்குப் பெயரத் தொடங்கியது. மோர்னிங்சைட் பக்கம் வீடு வாங்கினால் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடலாம், கார் நிறுத்தலாம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அன்புராசா போனான், பஸ்ரியன் போனான். பிள்ளையார் வாடகைக்குப் பிடித்த ஒரு வானில் போனார். சங்கங்கள் இரண்டும் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஸ்காபரோ மண்டபங்களில் இன்றைக்கும் ஒன்றுகூடல் நடத்துகின்றன. ஒவ்வொரு வீடும் காலியாகக் காலியாகக் கிளடிஸ் அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டினார். ஓர் ஊர் இரண்டு தரம் காலியாவதைப் பார்க்கிற கொடுப்பினை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அவர் கிணற்றடியில் இருக்கும் நேரம் மட்டும் கூடியது. யோகராணி போகவில்லை. ஸ்ரீதரன் தேடி வரக்கூடிய ஒரே விலாசம் இந்தக் கட்டடம்தான். ஊரில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தாள்.

1997 புரட்டாதியில் கிளடிஸ் குசினியில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் தகடு வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரி, இனித் தனியாக இருக்கக்கூடாது என்று ஒரு சமூக சேவைப் பெண்ணையும் கூடவே அனுப்பியது. நல்ல பெண். மிசிசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் யன்னலோடு கூடிய அறை எடுத்திருந்தாள். வருகிற திங்கள் கார் வரும் என்றாள். அங்கே பல்கனி உண்டோ என்று கிளடிஸ் கேட்டார். பாதுகாப்புக்காக வைப்பதில்லை என்றாள் அவள். அன்று பின்னேரம் கிளடிஸ் யோகராணியைக் கூப்பிட்டு, தம்பியையும் பஸ்ரியனையும் வெள்ளிக்கிழமை வரச்சொல்லு, பெரிய வாளியும் வேணும் என்றார்.

அவர்கள் வந்தார்கள், விசயம் தெரிந்ததும் கயிற்றைத் தொட மறுத்தார்கள். "அன்ரி, கீழை இருந்து வாற ஆக்கள் தூசியாப் போகினம். மேலை இருந்து போற ஆள் என்னாகும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான் அன்புராசா.

"புட்டுப் போய்ச் சேருதுதானே," என்றார் கிளடிஸ்.

அன்புராசா கயிற்றைக் கையில் எடுத்தான். பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ரியன் கேட்டான். புருசனிட்டைப் போயிட்டா எண்டு சொல்லு, பொய் இல்லைத்தானே என்றார். யோகராணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதேங்கோ அன்ரி. மிசிசாகாவுக்குக் கிழமைக்குக் கிழமை நான் வந்து பாக்கிறன்," என்று அழுதாள்.

"நான் ஒருக்கா அவரை விட்டிட்டு வந்தனான், பிள்ளை. ரெண்டாந்தரமும் விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?"

இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்கள். யோகராணி கையை விட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, கிளடிஸின் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். கிளடிஸ் ஆணியிலிருந்த திறப்பை அவளிடம் கொடுத்தார். மாப் பேணி, சீனி, முந்திரிகை வற்றல், இரும்புக் கல், ஒரு துடைப்பம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வாளிக்குள் இருந்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஆட்கள்தான். பஸ்ரியன் முடிச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். பிறகு இரண்டு ஆண்களும் இறக்கினார்கள். பாதி வழியில் கயிறு இலேசாகியது. கீழே பாட்டு நின்றது. "அன்ரி!" என்று யோகராணி கூப்பிட்டாள். பதில் இல்லை. கயிறு முடியும்வரை இறக்கி, பொறுத்திருந்து, இழுத்தார்கள். வாளியில் தூசி இருந்தது.

அன்புராசா கிணற்றுக் கட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். யோகராணி அழவில்லை. தான் ஒரு மனுசியைக் கொன்றுவிட்டதாக அவள் நிச்சயமாக நம்பினாள், அந்த நம்பிக்கையோடு எழும்பி வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை கார் வந்தது. சொல்லச் சொன்னதைச் சொன்னாள். சமூக சேவைப் பெண், குடும்பத்தோடு போய்விட்டதாகக் குறித்துக்கொண்டு, கடைசிக் காலத்தில் அப்படி அமைவது அபூர்வம் என்று சந்தோசப்பட்டுக்கொண்டு போனாள். மாத முடிவில் யோகராணி அந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் சமைத்து இறக்கினாள். கை பழகிய வேலை, நிற்பாட்டத் தெரியவில்லை. முதல் வெள்ளி புட்டு இறக்கினபடியே ஏறி வந்தது. அடுத்த வெள்ளியும் அப்படித்தான். பாட்டும் இல்லை. அவள் சாப்பாட்டைக் கொட்ட மனமில்லாமல் தானே தின்றாள். நாற்பது வருடம் ஆம்பிளைகள் மட்டும் இருந்த இடத்தைக் கூட்டித் துடைத்து அடுப்பு மூட்ட எத்தனை நாள் பிடிக்கும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது வெள்ளி புட்டு இறக்கவில்லை. ஆட்டிறைச்சி வாங்கி, லீக்ஸ் வெட்டிப் போட்டு, மிளகாய்த்தூள் போத்தலைத் தொடாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சூப் வைத்தாள். சட்டியை மூடி, வாளியில் வைத்து இறக்கினாள். கயிறு கையில் தளர்ந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கீழேயிருந்து யாரோ கயிற்றை மெல்லச் சுண்டினார்கள். யோகராணி இழுத்தாள். சட்டி பளபளவென்று கழுவியிருந்தது, தூசியே இல்லை. தூக்கினால் பாரமாக இருந்தது. மூடியைத் திறந்தாள். சீலைத் துண்டு ஒன்றில் சுற்றி, சூடு ஆறாமல், இரண்டு வேல்ஸ் ரொட்டி இருந்தது. அவள் மரப்படியில் குந்தியிருந்து ஒன்றைத் தின்றாள். மற்றதைப் பின்னேரம்வரை வைத்திருந்தாள்.